பழைய ஸ்டோரில் பகல் நாடகம்

தேயிலை ஆலையை எங்கள் தோட்டத்தில் ஸ்டோர் என்போம். ஆற்றோரம் புதிய ஸ்டோர் கட்டியதும் பழையதில் இருந்த மெஷின்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வெறுங்கூடாக நின்ற கட்டடத்தை எங்கள் பள்ளிக்கூட வாத்தியார் தோட்டத்துத் துரையிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி நாடகக் கொட்டகை ஆக்கினார். கொழுந்து உருட்டும் ரோலர் மெஷின்கள் நின்ற சிமெந்துத் திட்டுகளின் மேல் பலகை அடித்தார்கள், மேடை தயார். கொழுந்து வாட்டிய சாக்குத் துணிதான் திரை. கரண்ட் கிடையாது. சுவர் முழுக்க ஜன்னல் இருந்ததால் ஞாயிற்றுக்கிழமை பகலில் நாடகம் போடுவோம். எத்தனை தடவை கழுவினாலும் தேயிலைத் தூள் போகவில்லை, முன்வரிசையில் யாராவது தும்மிக்கொண்டே இருப்பார்கள்.

அந்த மேடையில் ஏறிய முதல் பெண்பிள்ளை நான்தான். அதுவரை பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டினார்கள். "பொம்பளப் புள்ளைய மேடையில ஏத்துறாங்களாம்" என்று நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் முணுமுணுத்தார்கள். அப்பாவுக்கு அது கேட்கவே இல்லை.

தன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ரோலர் மெஷினோடு நின்று நின்று அப்பாவுக்குக் காது போய்விட்டிருந்தது. அது ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது என்பதால் அங்கே வேலை செய்தவர்கள் கையால்தான் பேசிக்கொள்வார்கள். தலையில் தொப்பி வைப்பதுபோல் காட்டினால் துரை வருகிறார். வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டினால் பசிக்கிறது. வீட்டில் நானும் அப்பாவும் அப்படித்தான் பேசுவோம். "வாயிருக்கிற புள்ள ஊமையாட்டம் கையாட்டுது பாரு" என்று அம்மா திட்டுவாள்.

பஞ்சத்தில் தாய் தகப்பனை இழந்து அரண்மனை வாசலில் நின்று பாடும் சிறுமி வேஷம் எனக்கு. ஒத்திகை முடிந்து வரும்போதெல்லாம் பாட்டு எப்படி என்று அப்பா கேட்பார். நாடகத்தன்றைக்கு நீங்களே வந்து கேளுங்கள் என்று பெருமையாகக் கை காட்டுவேன். "அவருக்கு என்னடி கேக்கப் போவுது" என்றாள் அம்மா. எனக்கு வந்த கோபத்தில் அன்று அவளோடு பேசவே இல்லை. எப்படியாவது என் பாட்டு அப்பாவுக்கு எட்டிவிட வேண்டும். அந்த வாரம் முழுவதும் எனக்கு வேறு யோசனையே இல்லை.

நாடகத்தன்று நான் விடிந்ததும் கொட்டகைக்கு ஓடிவிட்டேன். அப்பா பிறகு கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தார். கோமாளி பேசியதற்குக் கொட்டகையே சிரித்தது. அப்பா பக்கத்தில் இருந்தவரின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு சிரித்தார். திரை ஓரமாக நின்று நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் முறை வந்தது. பாடத் தொடங்கினேன். அப்பா என் வாயையே பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. "பசிக்குதே மன்னா" என்ற அடி வந்தபோது, கும்பிட்டுப் பாடச் சொல்லியிருந்த வாத்தியாரை மறந்து, அப்பாவைப் பார்த்து வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

அப்பா சட்டென்று எழுந்தார்.

"பசிக்குதா ஆயி? இரு, இந்தா வர்றேன்."

காது கேளாதவர் குரலாயிற்றே, அரசன் குரலைவிடப் பெரிதாக இருந்தது. கொட்டகை கொல்லென்று சிரித்தது. அப்பாவுக்கு அதுவும் கேட்கவில்லை. கோட்டுப் பையிலிருந்து துணியில் சுற்றிய ரொட்டியை எடுத்துக்கொண்டு மேடையைப் பார்த்து நடந்தார். முன்னால் இருந்த பழைய மெஷின் ஆட்கள் மட்டும் சிரிக்காமல் விலகி வழி விட்டார்கள். "பாடு, பாடு" என்று வாத்தியார் திரைக்குப் பின்னாலிருந்து பல்லைக் கடித்தார். எனக்கு வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்பாமேல் அப்படி ஒரு பிரியம் அதற்கு முன் வந்ததில்லை.

"அம்மா குடுத்துவிட்டா. சாப்புட்டுட்டுப் பாடு" என்று ரொட்டியை நீட்டினார்.

பயத்தில் விடிந்ததிலிருந்து எனக்குப் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. நாடகமாவது மண்ணாவது என்று மேடை விளிம்பில் உட்கார்ந்து, அத்தனை பேர் பார்க்க, அந்த ரொட்டியை முழுதாகத் தின்றேன். கடைசி வாயை நான் விழுங்கும்வரை அப்பா அங்கேயே நின்றார்.