சிவப்பு வயிற்றுக்கு வேப்பிலை

போன சனிக்கிழமை கிள்ளானில் மழைக்கு ஒரு மீன் கடையில் ஒதுங்கினேன். குழம்பு வைக்கிற மீன் இல்லை — கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிற மீன். ஒரு தொட்டியில் மட்டும் பல்லி மாதிரி ஏதோ நீந்திக்கொண்டிருந்தது. முதுகு கறுப்பு. கண்ணாடியில் தொற்றி ஏறியபோதுதான் வயிறு தெரிந்தது... பளீரென்று சிவப்பு, நடுநடுவே கறுப்புத் திட்டுகள்.

"ஐயோ, என்ன அங்கிள் இது, புண்ணா?" என்றார் பக்கத்தில் நின்ற பெண்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் என் மனைவி கமலாவும் இப்படித்தான் பதறினாள்.

இதற்குப் பெயர் நியூட். தவளைக்குச் சொந்தம். அந்தக் காலத்தில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களோடு இரண்டு நியூட்டுகள் குடியிருந்தன என்றால் நம்புவீர்களா?

நான் அப்போது சரக்கு ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. மேலதிகாரி ஒரு ஜப்பான்காரர். கோபம் வந்தால் பளாரென்று அறைவார். ஆனால் மேஜைமேல் ஒரு கண்ணாடி ஜாடி வைத்து, அதற்குள் இருந்த இரண்டு நியூட்டுகளோடு கொஞ்சிப் பேசுவார். ஊரிலிருந்து கொண்டுவந்தாராம். கிள்ளான் துறைமுகத்தில் வேலை என்று கிளம்பியபோது அந்த ஜாடியை என் கையில் கொடுத்தார்.

"ஜாகா பாயிக்-பாயிக்," என்றார் மலாயில். பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று அர்த்தம். பிறகு வடக்கே கையைக் காட்டினார். "மாத்தி... சயாம்."

செத்தால் நீ சயாமுக்கு! சயாமில் ரயில் பாதை போட ஊர் ஊராக ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம். போனவர்களில் ஒருவரும் திரும்பி வந்து நான் பார்க்கவில்லை. ஜாடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

என்ன தின்னும்? யாரைக் கேட்பது? மரவள்ளிக்கிழங்கை மசித்துப் போட்டோம் — நாங்களே அதைத்தான் தின்றுகொண்டிருந்தோம். மோந்துகூடப் பார்க்கவில்லை. மண்புழுவை நறுக்கிப் போட்டேன்... லபக்! எனக்கே உயிர் வந்தது. உள்ளே ஒரு கல்லை வைத்தால், அதன்மேல் ஏறி உட்கார்ந்து நம்மையே உற்றுப் பார்க்கும். கொஞ்ச நாளில் பயம்போய், நானும் வேலை முடிந்து வந்ததும் வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிடுவேன்.

ஒருநாள் கமலா ஈர்க்குச்சியால் ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். அது பயந்து உடம்பை வளைத்து வயிற்றைக் காட்டியது. தோல் வேறு உரிந்துகொண்டிருந்தது.

"என்னங்க... இதுக்கு அம்மை போட்டிருக்கு!"

அவ்வளவுதான். வீட்டில் தாளிப்பு நின்றது (தாளிக்க எண்ணெய் எங்கே இருந்தது என்பது வேறு கதை). கருவாடு நின்றது. நான் சவரம் செய்யக் கூடாது. கோயில் வேப்பமரத்துக் கொத்து ஒன்று வாசலில் தொங்கியது. பக்கத்து வீட்டு மாணிக்கம் அண்ணன் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். "ஏன்டா, பல்லிக்குக் கூழ் ஊத்தப் போறீங்களா?" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

ஜாடித் தண்ணீரிலும் மஞ்சள் தூளைக் கரைத்திருந்தாள் கமலா. அதுதான் வினை. மறுநாள் இரண்டும் துவண்டு கிடந்தன. "போச்சு! நான் சயாம்தான்!" என்று கத்தினேன். அவள் அழுதுவிட்டாள். அழுதுகொண்டே குடிதண்ணீர்ப் பானையைக் கவிழ்த்து, மழைத் தண்ணீரை ஊற்றி, ஈரத்துணி சுற்றி நிழலில் வைத்தாள். இரண்டையும் அதில் விட்டோம். மஞ்சள் போனதாலா, குளிர்ச்சியாலா... எனக்குத் தெரியாது. சாயங்காலம் ஒன்று காலை அசைத்தது. நானும் அழுதேன். சொல்ல என்ன வெட்கம்?

அந்த வாரமே ஆள் பிடிக்க வந்தார்கள். இரண்டு சிப்பாய்கள், வழிகாட்ட ஒரு தமிழர். மாணிக்கம் அண்ணனை இழுத்து லோரியில் ஏற்றினார்கள். அடுத்தது எங்கள் வாசல். எனக்காகப் பேசக்கூடிய அதிகாரியோ கிள்ளானில்! அந்தத் தமிழர் வேப்பிலையைப் பார்த்ததும் நின்றார்.

"அம்மை வீடாம்மா? யாருக்கு?"

"உள்ள ரெண்டு ஜீவனுக்கு அண்ணே," என்றாள் கமலா. "இப்பதான் கொஞ்சம் எறங்குது."

பொய்யே இல்லை. முழுசாக நம்பித்தான் சொன்னாள். அவர் சிப்பாய்களிடம் ஏதோ சொன்னார். தாடியோடு உள்ளே நின்ற என்னை எட்டிப் பார்த்த அவர்கள், வாயைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்கள். லோரி போய்விட்டது.

மாணிக்கம் அண்ணன் திரும்பி வரவேயில்லை. வேலிக்கு மேலே கேட்ட அந்தச் சிரிப்பு இன்றைக்கும் காதில் இருக்கிறது.

அதிகாரி ஒருவழியாக வந்து சேர்ந்தார். பானையைப் பார்த்தார், என் தாடியைப் பார்த்தார், காரணம் கேட்டார். சொன்னேன். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். வயிறு பிறவியிலேயே சிவப்பாம்! தோல் உரிப்பதும் வழக்கம்தானாம்! ஜாடியை எங்களிடமே விட்டுவிட்டு, நியூட்டுகளைப் பானையோடு தூக்கிக்கொண்டு போனார்.

நான் நேரே வாசலுக்குப் போய் வேப்பிலையை அவிழ்க்கக் கை வைத்தேன். கமலா தட்டிவிட்டாள். அவள் கையில் புதுக் கொத்து ஒன்று இருந்தது.

"அதான் அம்மையே இல்லைன்னு ஆயிடுச்சே, இன்னும் எதுக்கு?" என்றேன்.

"இது அதுங்களுக்கு இல்லீங்க... உங்களுக்கு."