மூன்று குறிகள்

மல்வேர்னில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். இன்று ரொறன்ரோ மாநகரத் தேர்தல். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் நான் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குத் தங்க இடம் தந்த சிவம் அண்ணை, வாக்கு எண்ணும் இயந்திரத்துக்குள் தன் வாக்குச்சீட்டை விடுகிறார். அது கீச்சிட்டுச் சீட்டைத் திருப்பித் தள்ளுகிறது. வரிசை முழுவதும் பார்க்கிறது. அண்ணை சீட்டை நெஞ்சோடு பொத்திக்கொள்கிறார்.

"என்ரை வோட்டு செல்லாதோ?"

"பயப்பிடாதேங்கோ அங்கிள்," என்கிறார் அலுவலராக இருக்கும் தமிழ்ப் பெண். "கவுன்சிலருக்கு ஒண்டுக்கு மேலை போட்டிட்டியள் எண்டு மெசின் சொல்லுது."

"ஓம், மூண்டு பேருக்குப் போட்டனான். ஊரிலை அப்பிடித்தானே?"

"இஞ்சை ஒராளுக்குத்தான். புதுச் சீட்டுத் தாறன்."

ஊரில் நானும் ஒரே சீட்டில் மூன்று வேட்பாளருக்கு விருப்பு வாக்குப் போட்டுப் பழகியவன்தான். தான் போடப்போகும் மூவரையும் பற்றிக் காலையில் அண்ணை சொல்லியிருந்தார்: மைத்துனரின் மகன், கோயில் நண்பர், அதிகாலையில் வேலைக்குப் போகிறவர்களின் பஸ் சேவையை நிறுத்தவிடாமல் போராடிய பெண். மூவருக்கும் போட்டால் ஒருவரோடும் மனத்தாங்கல் வராது என்று சிரித்தார். இப்போது மறைப்புக்குப் பின்னால் அசையாமல் நிற்கிறார். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். கடைசியில் வருகிறார். இயந்திரம் சீட்டை விழுங்குகிறது.

வெளியே, எங்களை ஏற்றி வந்த மைத்துனர் கார்க் கதவைத் திறந்து பிடிக்கிறார்.

"என்ன அத்தான், எங்கடை பெடியனுக்குத்தானே?"

"போட்டிட்டன்," என்கிறார் அண்ணை, அவர் முகத்தைப் பாராமல். "நீ போ மச்சான். நாங்கள் பஸ்ஸிலை வாறம்."