பன்னிரண்டு உறைக் கிணறு

திருவொற்றியூரில் கடலோரமாய் வீடு கட்டி முடித்தபோது கையில் மிச்சம் முந்நூறு ரூபாய். சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். துறைமுகத்தில் மூட்டை எண்ணும் குமாஸ்தா நான். வீட்டைச் சுற்றி மொட்டை மணல். அதில் ஒரு கிணறு, நாலு பக்கமும் மூங்கில் வேலி, துவைக்கிற கல், மல்லிகைப் பந்தல், ஐந்து தென்னம்பிள்ளை என்று கணக்குப் போட்டேன். போட்டேன், அடித்தேன், மறுபடி போட்டேன். சோறு இறங்கவில்லை எனக்கு.

என் மனைவிக்கு இதில் ஒன்றே ஒன்றுதான் வேண்டும், கிணறு. ராயபுரத்தில் நாங்கள் இருந்த இடத்தில் பதினோரு குடித்தனத்துக்கு ஒரு குழாய். கல்யாணமாகி வந்த நாள்முதல் அங்கே குடத்தோடு நின்று சண்டை போட்டே அவளுக்கு ஆறு வருஷம் போயிருந்தது.

"வேலி, பந்தலு எல்லாம் உன் இஷ்டம்யா. எனுக்கு என் வூட்டுலயே நல்ல தண்ணி வோணும், அவ்ளோதான்" என்றாள்.

மணலில் பள்ளம் சரியும். அதனால் வட்டமான உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிக்கொண்டே தோண்ட வேண்டும். எட்டாவது உறை இறங்கியதும் கிணறு வெட்டுகிறவர் கையை உதறிக்கொண்டு மேலே ஏறிவிட்டார். தண்ணீர் இளநீர்தான். ஆனால் பத்துக் குடம் இறைத்தால் தரை தெரிந்தது. மறுபடி ஊற அரை நாள் ஆகும்.

"பத்து கொடத்துல தோட்டம் போட முடியுமா? இன்னும் நாலு உறை எறக்கு" என்றேன்.

"வாணாம் நைனா. இங்க நல்ல தண்ணி மேலாக்கதான் கீது. கீய போனா உப்புதான். எட்டோட வுட்டுடு" என்றார் அவர்.

"எனுக்கு இதே போதும்யா" என்றாள் அவளும்.

விட்டேனா? இந்த ஆள் வேறு வேலைக்கு ஓடப் பார்க்கிறார் என்று எனக்குச் சந்தேகம். வேலிக்கு வைத்திருந்த பணத்தில் நாலு உறை வாங்கி வந்து போட்டேன். மாட்டேன் என்றார். கத்தினேன், கூலியை ஏற்றினேன். தலையில் அடித்துக்கொண்டு இறங்கினார்.

பன்னிரண்டாவது உறையில் தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. "பாத்தியா!" என்று துள்ளினேன். அன்றைக்கே பந்தலுக்குக் கால் ஊன்றினேன். மூன்றாம் நாள் காலையில் அவள் ஒரு வாய் குடித்தாள், துப்பினாள். நானும் குடித்துப் பார்த்தேன். வாயெல்லாம் உப்பு.

கிணறு வெட்டுகிறவரிடம் ஓடினேன். அடியில் மணல் கொட்டி மூடிப் பார்த்தார். சரியாகவில்லை. "ஏறுன உப்பு இனிமே எறங்காது நைனா. தள்ளி வேற ஒண்ணு வெட்டு" என்றார். எதை வைத்து வெட்டுவது? மிச்சமிருந்த பணமெல்லாம் அந்தக் குழிக்குள் போயிருந்தது.

அடுத்த கிணற்றுக்குப் பணம் சேர மூன்று வருஷம் ஆனது. அதுவரை நல்ல தண்ணீரை அவள் மீனவர் குப்பத்துக் கிணற்றிலிருந்து இடுப்பில் சுமந்து வந்தாள், கடைசி வருஷம் வயிற்றில் பிள்ளையோடு. ஊரோடு சண்டைக்கு நிற்கிறவள் என்னை மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாவி, கேட்டுத் தொலைத்திருக்கலாம். நானும் பதிலுக்கு நாலு கத்திவிட்டுத் தூங்கியிருப்பேன்.