போதகர் சொல்லாத சாட்சி

எங்கள் சபையின் கன்வென்ஷன் மேடையில் இரண்டு மைக் உண்டு. ஒன்று பிரசங்கியாருக்கு, இன்னொன்று எனக்கு. அவர் மலையாளத்தில் ஒரு வாக்கியம் சொல்வார். அவர் வாய் மூடுவதற்குள் நான் அதைத் தமிழில் சொல்வேன். திருவனந்தபுரத்தில் எங்களைப் போன்ற சபைகளில் இது இல்லாமல் கூட்டம் நடக்காது. பந்தலில் பாதிப் பேர் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள். ஆரியசாலையில் கடை வைத்திருக்கும் நான்கைந்து குடும்பங்கள் முன்வரிசையில் இடம் பிடித்துவிடும். பொன்முடி எஸ்டேட்டின் லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வருவார்கள். மீதிப் பாதி மலையாளம். பள்ளிக்கூடத்தில் மலையாளம் படிக்கிற எங்கள் பிள்ளைகளையும் அந்தப் பாதியில்தான் சேர்க்க வேண்டும்.

எனக்கு அந்த வேலை என்றால் உயிர். வாரத்தில் ஐந்து நாள் ஆபீசில் ஃபைல் தள்ளுகிற பொம்பளைதான் நான், "சேச்சி, ஒப்பிட்டோ?" என்று கையெழுத்துக் கேட்கிற குரலைத் தவிர அங்கே என்னை யாருக்கும் தெரியாது. மைக் கைக்கு வந்தால் வேறு ஆள். பிரசங்கியார் கையை உயர்த்தினால் நானும் உயர்த்துவேன். அவர் முழங்கினால் நானும் முழங்குவேன். "பிரசங்கத்தவிட ட்ரான்ஸ்லேஷன்தான் கேக்க நல்லாயிருந்து" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், வீடு வரை நடந்தே போவேன், பஸ் தேவையில்லை.

எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. பிரசங்கியார் "நான்" என்றால் நாமும் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். "அவர் சொல்கிறார், அவர் குடிகாரராக இருந்தாராம்" என்று இழுத்தால் பேச்சு செத்துவிடும். ஆகவே நான் இந்த வாயால் குடித்திருக்கிறேன், சீட்டாடியிருக்கிறேன், கட்டின மனைவியை அடித்திருக்கிறேன், பிறகு அழுது மனந்திரும்பியிருக்கிறேன். எஸ்டேட்டில் ஒரு கூட்டம் முடிந்ததும் ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பல்லாம் குடிக்கிறதில்லையே தாயி?" என்று கவலையோடு கேட்டாள். "இல்லம்மா, விட்டாச்சு" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவளுடைய சந்தோஷத்தைக் கெடுப்பானேன்?

இத்தனை பேருடைய பாவத்தையும் நான் சொல்லியிருக்கிறேன். என்னுடையதை மட்டும் சொன்னதில்லை.

அம்மா பாறசாலையில் அண்ணன் வீட்டில் இருந்தாள். அவளுக்கு நெஞ்சு நோய். அதற்கு ஒரு மாத்திரை, அது அந்தப் பக்கத்துக் கடைகளில் கிடைக்காது, இங்கே மெடிக்கல் காலேஜ் வாசலில்தான் கிடைக்கும். மாதாமாதம் வாங்கிக்கொண்டு போவது என் பொறுப்பு. ஒரு மாதம், வியாழக்கிழமை சாயங்காலம், அண்ணன் மனைவி எனக்கு ஃபோன் செய்தாள். மைனி என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். "மக்கா, மாத்திர சனியாழ்ச்ச வரைக்கும்தான் இருக்கு, மறந்திராத என்னா" என்றாள். "நான் எப்ப மைனி மறந்திருக்கேன்?" என்று சிரித்தேன்.

அந்தச் சனிக்கிழமை பொன்முடியில் மூன்று நாள் நற்செய்திக் கூட்டம் ஆரம்பம். மூன்று நாளும் நான்தான் மொழிபெயர்ப்பு. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப, நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கிருபை, இரட்சிப்பு, நீதிமானாக்கப்படுதல் என்று வார்த்தைகளை வாயில் போட்டு உருட்டிக்கொண்டே போனேன். மாத்திரை என்ற ஒரு வார்த்தை மட்டும் வரவில்லை. மலைமேல் செல்போன் எடுக்காது; திங்கட்கிழமை மத்தியானம் எஸ்டேட் ஆபீஸ் ஃபோனுக்குத் தகவல் வந்தது. அம்மா போய்விட்டாள்.

மாத்திரை இல்லாததால்தான் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் பிறகு சொன்னார். அது டாக்டருடைய நல்ல மனசு. நான் செத்த வீட்டுக்குள் நுழைந்தபோது ஒரு சித்திதான் "மாத்திர தீந்து ரெண்டு நாளாச்சாம்" என்று என் காதில் சொன்னாள். நான் நேரே மைனியிடம் போய், வீடு நிறைந்த கூட்டத்தின் நடுவில் கத்தினேன். "ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு ஃபோன் போட்டிருந்தா பறந்து வந்திருப்பேனே! எனக்க அம்மய இப்படி விட்டுட்டீங்களே!"

சத்தியமாகச் சொல்கிறேன், கத்துகிற நேரத்தில் அதை நானே நம்பினேன். அரை மணி நேரத்தில் வியாழக்கிழமை ஃபோன் நினைவுக்கு வந்துவிட்டது. அதற்குள் வார்த்தை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போயிருந்தது. மைனி என்னை ஒரு தடவை பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குத் துணிச்சல் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

ஆறு வருஷம். மாமியாருக்கு மருந்து கொடுக்காதவள் என்று பெயர் வாங்கிக்கொண்டு மைனி ஆறு வருஷம் நடந்தாள். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் அவள் செயலாளராக இருந்தவள். அடுத்த வருஷம் அந்தப் பொறுப்பு சத்தமில்லாமல் இன்னொருத்திக்குப் போனது. கன்வென்ஷனுக்கு அண்ணனோடு வருவாள். பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில் உட்காருவாள். இரண்டு பக்கத்து நாற்காலிகளும் காலியாகவே இருக்கும். மேடையிலிருந்து பார்த்தால் அந்தக் காலி நாற்காலிகள்தான் முதலில் கண்ணில் படும்.

நான் சும்மா இருக்கவில்லை, கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். குளிக்கும்போது கேட்பேன், பஸ்ஸில் கேட்பேன். அவர் மன்னித்துவிட்டார் என்று நானே தீர்ப்பும் சொல்லிக்கொள்வேன். கேட்கிறவளும் நான், பதில் சொல்கிறவளும் நான்.

போன வருஷ கன்வென்ஷனில் சனிக்கிழமை மத்தியானக் கூட்டத்துக்குக் கோட்டயம் பக்கத்திலிருந்து ஒரு பிரசங்கியாரைக் கூப்பிட்டிருந்தார்கள். நெடுநெடுவென்று ஒரு மனிதர். பேச்சு எக்ஸ்பிரஸ் வேகம், நடுவில் ஸ்டேஷனே கிடையாது. "சிஸ்டருக்கு ஸ்பீட் பிரச்னமுண்டோ?" என்று மேடைக்கு ஏறும் முன்பு கேட்டார். "எனிக்கு ஸ்லோ ஆணு பிரச்னம்" என்றேன், மெதுவாகப் பேசினால்தான் எனக்குக் கஷ்டம் என்று. சிரித்துவிட்டார்.

ஆகா, என்ன கூட்டம் அது! அவர் எறிய எறிய நான் பிடித்தேன். அவர் சிரிக்கவைத்தால் மலையாளப் பக்கம் ஒரு சிரிப்பு, நான் சொன்னதும் தமிழ்ப் பக்கம் அதைவிடப் பெரிய சிரிப்பு. வெயிலில் தகரக் கூரை கொதித்தது, மின்விசிறிகள் பேருக்குச் சுற்றின, ஒருவர்கூட எழுந்து போகவில்லை. பாவத்தை விட்டுத் திரும்புவது என்றால் என்ன என்று அவர் கேட்டபோது நானும் அதே கோபத்தோடு கேட்டேன். வியர்வையில் புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எனக்கு வாழ்க்கையில் அதைவிட நல்ல நாள் கிடையாது என்றே தோன்றியது.

அப்போது அவர் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். சின்ன வயதில் அப்பாவின் ரேடியோவைப் போட்டு உடைத்தாராம். தம்பிதான் உடைத்தான் என்று சொல்லிவிட்டாராம். அப்பா தம்பியை முற்றத்தில் நிறுத்தி, அண்டை வீட்டார் எல்லாரும் பார்க்க அடித்தாராம். நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். ரேடியோவை நான் உடைத்தேன், தம்பி அடி வாங்கினான். பெண்கள் பக்கம் "ஐயோ" என்றார்கள்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "நாட்டுகாரு கேள்க்கெ ஞான் கள்ளம் பறஞ்ஞு. மாப்பு சோதிச்சதோ, தைவத்தோடு மாத்ரம், ஆரும் கேள்க்காதெ."

"ஊர் கேட்க நான் பொய் சொன்னேன்" என்றேன். "மன்னிப்புக் கேட்டதோ, கடவுளிடம் மட்டும். யாரும் கேட்காமல்."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. ஒலிபெருக்கி என் குரலையே எனக்குத் திருப்பிக் கொடுத்தது. கடைசி வரிசையில் மைனி மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், இரண்டு பக்கமும் காலி நாற்காலி.

பிரசங்கியார் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டார். தம்பியைத் தேடிப் போன கதை. அது எனக்குக் கேட்டது, வாய்க்குத்தான் வரவில்லை. வாயைத் திறந்தேன்.

"அம்மாவுக்கு மாத்திரை தீரப்போகிறது என்று எனக்கு ஃபோன் வந்தது" என்றேன். "நான் மறந்துவிட்டேன். ஃபோனே வரவில்லை என்று செத்த வீட்டில் வைத்து இன்னொருத்தர் மேல் பழி போட்டேன்."

"ஸ்தோத்திரம்!" என்றது தமிழ்ப் பக்கம். முன்வரிசை ஆரியசாலைக்காரர் ஒருவர் பிரசங்கியாரைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையை ஆட்டினார். அந்த மனிதருக்கு ரேடியோவும் போய் அம்மாவும் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டார் போல. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை எனக்கு.

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, பிடிபடவும் இல்லை. அதைவிட நல்ல ஏற்பாடு வேறு எங்கே கிடைக்கும்? ஆனால் மைனி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் ஒருத்திக்குத்தான் அது யாருடைய பாவம் என்று தெரியும். பிரசங்கியார் தலையில் அதைக் கட்டிவிட்டு நான் இறங்கினால், நாளைக்கும் அந்த நாற்காலிகள் காலியாகத்தான் கிடக்கும். ஒருத்தர் தலையில் கட்டினது போதாதா?

"சபையாரே" என்றேன். குரல் கிறீச்சிட்டது. "இது பிரசங்கியார் சொன்னதில்லை. அவருக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இது நான். செத்தது எனக்க அம்மை. மாத்திரை வேணும்னு எனக்க மைனி வியாழக்கிழமையே எங்கிட்ட சொன்னா. நான்தான் மறந்தேன். மறந்ததும் பத்தாம, அவ சொல்லவே இல்லன்னு உங்க எல்லார் முன்னாலயும் பொய் சொன்னேன். ஆறு வருஷமா நீங்க அவளப் பேசினதெல்லாம் என்னப் பேச வேண்டியது."

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை.

"சிஸ்டரே" என்றார் பிரசங்கியார், கலவரமாக. "ஞான் ஒரு வாசகமல்லே பறஞ்ஞுள்ளூ? இதெந்தா இத்ர நீளம்?"

ஒரு வாக்கியத்துக்கு இவ்வளவு நீள மொழிபெயர்ப்பா என்று மலையாளப் பக்கத்தில் சிலர் சிரித்தார்கள். தமிழ்ப் பக்கம் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் அவர்களும் நிறுத்திக்கொண்டார்கள். அதற்குள் மைனி எழுந்து நடுப்பாதையில் நடந்து வந்துகொண்டிருந்தாள். எனக்கு உள்ளே ஒரு குதூகலம், என்னவென்று சொல்வேன், ஆறு வருஷம் அடைத்துக்கிடந்த மூச்சு ஒரேயடியாக வெளியே வந்த மாதிரி. அடித்தால் வாங்கிக்கொள்வது என்று கன்னத்தையும் தயார் செய்துவைத்தேன்.

அவள் மேடைப்படி ஏறி வந்து என் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்தாள். "கரையாத மக்கா, அழாத" என்றாள்.

"நீங்க ஏன் மைனி அன்னைக்கே சொல்லல?" என்று கேட்டேன். இந்த நேரத்திலும் எனக்குக் கேள்வி கேட்கத்தான் தெரிந்தது. "ஃபோன் பண்ணினேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அங்கயே அடங்கியிருப்பேனே?"

"அடக்கம் முடிஞ்சு வந்ததும் உனக்க அண்ணன் எங்கிட்ட கேட்டாவ" என்றாள் மைனி. "தங்கச்சிக்கிட்ட சொன்னியா சொல்லலியான்னு கேட்டாவ. சொல்ல மறந்துட்டேன்னு நான்தான் சொன்னேன்."

"பொய்யா? எனக்காகவா?"

"அம்ம போயாச்சு மக்கா. தங்கச்சியும் போயிட்டா அவியளுக்குக் கூடப்பொறப்புன்னு சொல்ல பின்ன யாரு இருக்கா?"

மைக் என் கையில்தான் இருந்தது, அணைக்கவில்லை. பந்தல் முழுக்க அது கேட்டது. நான் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்த ஆறு வருஷமும், இவள் அம்மாவை அடக்கின அன்றே என்னை மன்னித்துவிட்டு, அதற்கான பழியைத் தன் தலையிலேயே சுமந்துகொண்டிருந்தாள். கிருபை என்ற வார்த்தையை நான் எத்தனை ஆயிரம் தடவை மைக்கில் சொல்லியிருப்பேன்! வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது, குதிக்கலாம் போல.

ஆண்கள் பக்கத்தில் அண்ணன் எழுந்தான். பெரிய ஆகிருதி, யார் முன்னாலும் அழாதவன், அம்மாவின் பெட்டியைக் குழியில் இறக்கும்போதுகூட அழாதவன். தட்டுத்தடுமாறி நாற்காலிகளை விலக்கிக்கொண்டு வந்தான். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மைனிக்கு முன்னால் வந்து நின்று, "ஆறு வருஷமா ஒனக்க கையால ஒரு வாய் வெள்ளம் வாங்கிக் குடிக்கலியே நான்" என்றான்.

அது எனக்குத் தெரியாது. அந்த வீட்டில் அவள் எப்படி இருக்கிறாள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.