நான் பிடித்துக்கொண்டிருந்தேன்

குழந்தை பிறந்த நான்காம் நாளிலிருந்து என் மனைவி எஸ்தர் தூங்கவில்லை. முதல் இரண்டு நாள் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டில் யார்தான் தூங்குகிறார்கள்? ஏழாம் நாள் காலையில் அவள் குழந்தையின் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என் புள்ள இல்லீங்க. மாத்திட்டாங்க" என்றாள். மறுநாள், கர்த்தர் தன்னோடு பேசுவதாகச் சொன்னாள். அவர் அவளைத் திட்டுகிறாராம்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. திருத்தணியில் ஒரு விசைத்தறிக் கொட்டகையில் நான் மெக்கானிக்காக இருந்தேன். ஞாயிறுதோறும் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கும் ஏழெட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அந்தக் கூட்டத்தில் எனக்கு ஒரு பேர் இருந்தது: காய்ச்சல் வந்தாலும் மாத்திரையைத் தொடாதவன். எழுந்து நின்று அதைச் சாட்சியாகவும் சொல்லியிருக்கிறேன். இதே நோயோடு போராடும் வீட்டிலிருந்து யாராவது இதைப் படித்தால், முதலில் இதைத் தெரிந்துகொள்ளட்டும். பின்னால் நடந்ததற்கு நோய் பாதிக் காரணம்தான். மீதி அந்தப் பேர்.

பத்தாம் நாள் எஸ்தர் குழந்தையை அண்டாத் தண்ணீருக்குள் இறக்கினாள். நான் பிடுங்கினேன். பித்தளைச் செம்பால் என் நெற்றியில் அடித்தாள். இரண்டாவது அடியில் கீழே விழுந்தேன். மூன்றாவதும் விழுந்தது. இரத்தம் கண்ணை மறைக்க, பக்கத்து வீட்டு அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது மட்டும் தெரிந்தது.

அக்கம்பக்கத்தார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள். நான் ஜெபக்காரர் ஒருவரை அழைத்து வந்தேன். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர். வாசலில் நின்று பார்த்ததுமே பிசாசு என்றார். சோறு தண்ணீர் கொடுக்கக் கூடாது என்றார். எஸ்தரைச் சேலையால் ஜன்னல் கம்பியில் கட்டினோம். பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாளாகாத உடம்பு. பால் கட்டி மார்பு கல்லாகியிருந்தது. அதை நான் கவனித்தேன். கவனித்தும் கட்டினேன்.

இரண்டாம் நாள் அவர் இடுப்புப் பெல்ட்டைக் கழற்றினார். "கைய நீ புடிச்சிக்கோ. விசுவாசம் இருந்தா வுடாத" என்றார்.

நான் பிடித்துக்கொண்டேன். தறியில் நட்டு முறுக்கும் கை என்னுடையது, அதிலிருந்து அவளால் விடுபட முடியாது. அவர் முதுகில் அடித்தார். பிறகு காதோடு சேர்த்து அறைந்தார். கடைசியில் அவளைத் தரையில் தள்ளித் தோள்மேல் முழங்காலை வைத்து அழுத்தினார். உள்ளே ஏதோ முறிந்தது. சத்தமாக அல்ல, அவள் கை வழியாக என் கைக்கு அது வந்து சேர்ந்தது.

"ஏங்க, வுடுங்க" என்றாள். அது நோய் பேசிய குரல் இல்லை. என் எஸ்தரின் குரல்தான். அது எனக்கு அப்போதே தெரியும். நான் அவள் குரல் காதில் விழாதபடி உரக்க ஸ்தோத்திரம் சொன்னேன்.

அப்போதுதான் அவள் தம்பி யோசுவா உள்ளே வந்தான். அரக்கோணம் ரயில்வேயில் வேலை செய்கிறவன். பக்கத்து வீட்டு அம்மா ஆள் அனுப்பியிருந்தார். ஜெபக்காரரைச் சட்டையோடு இழுத்துத் தெருவில் எறிந்தான். திரும்பி வந்து என் வாயில் குத்தினான். இரண்டு பற்கள் போயின. அப்போதும் நான் அவள் கையை விடவில்லை.

"வுடு பாவா" என்றான், அழுதுகொண்டே. "அக்கா செத்துப்பூடும். வுட்ரு."

விட்டேன்.

அன்றைக்கு ஆடிக் கிருத்திகை. தெரு முழுக்கக் காவடி. பஸ் ஊருக்குள் வரவில்லை. எஸ்தரை ஸ்டேஷன் வரை நடத்தித்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. தலைவிரி கோலமாக, முன்னால் வந்தவர்கள்மேல் எல்லாம் துப்பிக்கொண்டு வந்தாள். அவளுக்குச் சாமி வந்திருக்கிறது என்று நினைத்துக் கூட்டம் விலகி வழி விட்டது. முதுகில் அலகு குத்தியிருந்த ஒருவர் நின்று அவளைப் பார்த்தார். "ரத்தம் வருதே, யார் அடிச்சது?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ரயிலில் மொட்டைத் தலைப் பெண்கள் மூன்று பேர் எழுந்து அவளைப் படுக்க வைத்து, துணியை மோரில் நனைத்து உதட்டில் பிழிந்தார்கள். அந்த நாளில் யோசுவாவைத் தவிர என் வீட்டுக்காரிக்கு முதலில் இரங்கியவர்கள் மலைக்கு வந்துபோன அந்த அந்நியர்கள். அதற்காக நான் தேவனுக்கு நன்றி சொல்லப் பல வருஷம் ஆயிற்று.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. டாக்டரம்மா அரை மணி நேரம் பரிசோதித்தார். காறை எலும்பு (கழுத்தடியிலிருந்து தோள்வரை ஓடும் எலும்பு) முறிந்திருந்தது. இடது செவிப்பறை (காதுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு) கிழிந்திருந்தது.

"பிசாசு இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"பிரசவத்தை ஒட்டி வர்ற மனநோய். ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு வரும். குணமாகும்" என்றார். பேனாவைக் கீழே வைக்கவில்லை. "எலும்பை உடைச்சது யாரு?"

"ஒருத்தர் அடிச்சாருங்க. நான் புடிச்சிக்கினு இருந்தேன்."

"அப்படியே எழுதட்டுமா?"

"எழுதுங்கம்மா."

அவ்வளவு ஜெபித்தவன் நான். என் வாயிலிருந்து வந்த முதல் உண்மையான பாவ அறிக்கை அதுதான்.

அவளுக்கு மின்னதிர்வுச் சிகிச்சை கொடுத்தார்கள் (மயக்க மருந்து செலுத்தி, தலையில் சில நொடி மின்சாரம் பாய்ச்சி வலிப்பை வரவழைப்பது). கதவுக்கு வெளியே நின்றேன். கட்டில் அதிரும் சத்தம் கேட்டது. ஆறாவது முறைக்குப் பிறகு அவள் குழந்தையைக் கேட்டாள். பேர் வைத்தாயிற்றா என்றாள். கிருபை என்று அவளே வைத்தாள்.

மறதி வரும் என்று சொல்லியிருந்தார்கள். எல்லாம் மறந்துபோகும் என்று நம்பியிருந்தேன். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "அவன் அடிச்சது ஒண்ணும் ஞாபகம் இல்லீங்க. நீங்க புடிச்சிக்கினு இருந்தது ஞாபகம் கீது."

மாத்திரையை என் கையிலிருந்து வாங்க மாட்டாள். டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நான் நகர வேண்டும். என் முன்னால் கண்ணை மூடி ஜெபிக்கவும் மாட்டாள்.

விசுவாசம் என்றால் அற்புதம் என்று இருந்தவன் நான். அந்த வருஷம் எனக்குக் கிடைத்த விசுவாசம் வேறு மாதிரி. மாத்திரையை நேரத்துக்கு வைப்பது, குழந்தைக்குப் பால் காய்ச்சுவது, அவளைத் தொடாமல் இருப்பது. கூட்டத்தில் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். இரண்டு குடும்பங்கள் எங்களோடு பேசுவதை நிறுத்திக்கொண்டன. கொட்டகையில் தறி ஓடும் இரைச்சலில் வாய்விட்டு அழுதால் யாருக்கும் கேட்காது. அங்கே அழுதேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தேன், பதில் வருகிறதா என்று பார்க்காமல்.

கொஞ்சம் கொஞ்சமாக அவளே என் பக்கம் வந்தாள். நான்கு வருஷம் கழித்து மறுபடி கர்ப்பமானாள். திரும்பவும் வரலாம் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். மகன் பிறந்த ஐந்தாம் நாள் காலை, எஸ்தரே குழந்தையை என் கையில் கொடுத்தாள். "வந்துட்டுதுங்க. கெளம்பலாம். இந்தத் தபா நீங்களே கூட்டிகினு போங்க" என்றாள். இன்னும் தெளிவு இருக்கும்போதே அதைச் சொன்னாள். என்னிடம் சொன்னாள்.

டாக்ஸியில் போகும்போதே தெளிவு போய்விட்டது. என் முகத்தில் கீறினாள். தோளைக் கடித்துச் சதையைக் கிழித்தாள். குழந்தையை முன்சீட்டில் யோசுவாவிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "ஆண்டவரே, இவள் உம்முடையவள்" என்பதைத் தவிர வேறு ஜெபம் வரவில்லை. மூன்று வாரத்தில் வீடு திரும்பினாள்.

இப்போதும் மழை வந்தால் அவளுக்குக் காறை எலும்பு குடையும். எனக்குத் தோள் தழும்பில் உணர்ச்சி இல்லை, அவள் விரல் வைத்தால்கூட தெரியாது. வருஷக் கணக்கெல்லாம் எங்களுக்குப் போய்விட்டது. அடுத்த மாதத்துக்கென்று தேவனிடம் எதையும் கேட்பதில்லை.

காலையில் விழித்ததும் எஸ்தர் கேட்பாள்: "நான் தூங்குனேனாங்க?"

"ஆங், நல்லா தூங்குன."

"அப்ப ஜெபம் சொல்லுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொள்வாள். அன்றைய ஒரு நாளுக்காக ஜெபிப்போம்.