கூழ்முட்டை பாடும் விதி

பிறந்தது ஐந்து நாளுக்கு ஒரு சுற்று வருகிற சந்தைக் கணக்கில் பொன் கிழமை, அதனால் பேர் பொனிமான். அதற்கு மேல் அவருடைய அப்பா மூளையைக் கசக்கிக்கொள்ளவில்லை. பந்துலிலிருந்து தெற்கே கடலுக்குப் போகிற சாலையில் பொனிமான் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருக்கிறார். கடை என்று சொன்னால் அவருக்கே சிரிப்பு வரும். நாலு கம்பு, மேலே ஒரு தகரம், காற்றடிக்கும் இயந்திரம், ஒரு தண்ணீர்த் தொட்டி. இருபது வருஷத்துக்கு முன்னால் லாரி டயர் ஒன்று வெடித்ததில் அவருடைய இடது காது முழுசாகப் போய்விட்டது. மனைவி மர்சினா ஒரு மாசம் அழுதாள். இவர், "வலது காது இருக்கே, பறவைக்கு அது போதும்" என்று சொல்லி அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பறவை என்றால் பெர்குதுத். ஒரு கைக்குள் அடங்குகிற வரிப்புறா. பார்க்க ஒன்றும் இல்லை, குரல்தான் அதன் சொத்து. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊராட்சி அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கிற திடலில், கூண்டுகளைக் கப்பிக் கயிற்றில் கட்டி, கொடி ஏற்றுவதுபோல உயரமான மூங்கில்களில் ஏற்றிவிடுவார்கள். மேலே வெயிலும் காற்றும் பட்டால் பாடும். பாடாமலும் இருக்கும். அது மனசு வைக்கிறவரை கீழே பாயை விரித்து உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அப்படி உட்கார்ந்தே பைத்தியம் பிடித்துவிடாமல் இருக்க, நாலு பேர் சேர்ந்து ஒரு பைத்தியக்கார ஆட்டத்தைக் கண்டுபிடித்தார்கள்.

ஆட்டத்துக்குப் பேர் ஙாவுர், அதாவது வாய்க்கு வந்தபடி. டோமினோ கட்டைகளை வைத்துத்தான் ஆடுவார்கள், ஆனால் புள்ளிகளை யாரும் எண்ணுவதில்லை. கட்டையை வைக்கும்போது ஒரு விதி சொல்ல வேண்டும். "அடுத்து வைக்கிறவர் தன் மாமியாருக்கு அண்ணன்." "மூணு புள்ளிக் கட்டைக்கு இன்னிக்கு விரதம்." ஏன் என்று கேட்கக் கூடாது. தாலுகா ஆபீசில் மனு வாசிக்கிற முகத்தோடு ஏற்றுக்கொள்ள வேண்டும். பிடிக்காத விதியை அதைவிடப் பெரிய விதி சொல்லி அமுக்கலாம். சிரித்தவர் எழுந்து போய் எல்லோருக்கும் காப்பி போட வேண்டும். பதினாறு வருஷத்தில் ஒருவரும் ஜெயித்ததில்லை, எப்படி ஜெயிப்பது என்று யாருக்கும் தெரியாது. இரண்டு பக்கமும் வெறுமையான கட்டை எப்போதோ தொலைந்துபோனது. அதற்குப் பதிலாகப் பொனிமான் பழைய டியூபிலிருந்து ஒரு துண்டு கத்தரித்துப் போட்டிருந்தார். அந்த ரப்பர் துண்டை வைத்துச் சொல்கிற விதியை மட்டும் யாராலும் அமுக்க முடியாது.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு விதியும் இருந்தது. பாயில் நிஜம் பேசக் கூடாது. நாலு பேரில் ஒருவரான கித்தோவுக்குப் பஸ் நடத்துனர் வேலை போனபோது எட்டு மாசம் பாயில் அந்தப் பேச்சே எழவில்லை. மற்றவர்கள் அவர் வீட்டில் அரிசியை வைத்துவிட்டு வந்தார்கள், பாயிலோ அவரை ஆகாய பஸ்ஸுக்கு நடத்துனராக்கி, மேகத்துக்கு அரை டிக்கெட் கிழிக்கச் சொன்னார்கள். கித்தோவே சிரித்துக் காப்பி போட்டார். சந்தையில் மிளகாய் விற்கிற, எல்லோரும் இபு என்று அம்மா முறை வைத்துக் கூப்பிடுகிற ருபினா மட்டும் இதுவரை ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. அவர் காப்பி போட்டு யாரும் குடித்ததும் இல்லை.

நாலாவது ஆள் வர்தோயோ, பள்ளிக்கூட எழுத்தர். பொனிமானைவிட ஆறு வயது சின்னவர், அண்ணன் முறை வைத்துக் காங் என்று கூப்பிடுவார். கூடப் பிறந்த அண்ணனைக்கூட அவர் அவ்வளவு வாஞ்சையாகக் கூப்பிட்டதில்லை. பாயில் பொனிமானுக்கு வலது பக்கம் அவர் இடம். சத்தத்தில் பொனிமானுக்குப் பிடிபடாததையெல்லாம் குனிந்து அந்த நல்ல காதில் திரும்பச் சொல்வார். பொனிமானுக்குக் காதில் விழுவதில் பாதி வர்தோயோதான்.

பொனிமானின் பறவைக்கு க்ளெபோன் என்று பேர், வெல்லம் வைத்த கொழுக்கட்டையின் பேர். மற்றப் பறவைகள் 'க்லாவ், கெ, கூங்' என்று ஒழுங்காகப் பாடும். க்ளெபோன் நடுவில் தொண்டையைச் செருமுவதுபோல 'கெ-கெ' என்று ஒரு தடுக்குத் தடுக்கிவிட்டு, பிறகு 'கூங்' என்று நீளமாக இறங்கும். அந்தத் தடுக்கலால் ஒரு போட்டியிலும் அது தேறவில்லை. பொனிமான் அந்தத் தடுக்கலின் மேல்தான் உயிரை வைத்திருந்தார்.

வர்தோயோவிடம் ஒரு நல்ல பெட்டை இருந்தது. க்ளெபோனை அதோடு சேர்ப்பது, முதல் ஈட்டுக் குஞ்சுகள் வர்தோயோவுக்கு, இரண்டாவது ஈட்டுக் குஞ்சுகள் பொனிமானுக்கு என்று பேச்சு. முதல் ஈட்டில் இரண்டும் பெட்டை, அவை பாடாது. இரண்டாவது ஈட்டுக்குப் பெட்டை அடைகாத்துக்கொண்டிருந்தபோது, ஒரு மழைநாள் காலையில் க்ளெபோன் கூண்டின் தரையில் கிடந்தது. பொனிமான் அதைத் தன் துண்டில் சுற்றிப் புளியமரத்தடியில் புதைத்தார். இனி அந்தத் தடுக்கல் உலகத்தில் இருக்குமென்றால் அந்த இரண்டு முட்டையில்தான் இருக்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்து வர்தோயோ கடைக்கு வந்து, வலது பக்கம் குந்தி உட்கார்ந்தார். "ரெண்டும் கூழ்முட்டை, காங்."

அவருடைய கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்துப் பொனிமானுக்குத் தன் துக்கம்கூட மறந்துவிட்டது. "விடு வர்தோ. நீயா அடைகாத்தே" என்று முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு பாயில் வர்தோயோ ஐந்து புள்ளிக் கட்டையை வைத்துச் சொன்னார்: "இன்னிக்கு விதி. கூழ்முட்டை பாடும்."

தன்னைத் தேற்றத்தான் தம்பி பாடுபடுகிறான் என்று பொனிமான் நினைத்தார். முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு ஒரு கட்டையைச் சேர்த்தார். "பாடட்டும். பாடினா பல்லில்லாத கோழி எந்திரிச்சு நின்னு கை தட்டணும்." கித்தோ சிரிக்கவில்லை, இபு ருபினா காப்பித் தம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் இன்றைக்கு நன்றாக ஆடுகிறார்கள் என்று பொனிமானுக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவர் பறவை இல்லாமலே திடலுக்குப் போய்வந்தார். "வெறுங்கையோட எதுக்குப் போறீங்க" என்று மர்சினா கேட்டால், "பாய் இருக்கே" என்பார்.

ஒரு ஞாயிறும் பொன் கிழமையும் சேர்ந்து வந்த நாள். சுற்று வட்டாரத்துப் பறவைக்காரர்கள் எல்லாம் கூடுகிற நாள். வர்தோயோ தன் சம்பந்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகள் ராத்ரியைக் கொடுத்திருக்கிற க்ளாத்தேன் ஊர்க்காரர், ஹர்சோனோ, மரியாதையாகப் பாக் ஹர்சோனோ. தாராளமான மனுஷர், தாராளமான வயிறு. அவர் கொண்டுவந்த கூண்டை ஒன்பதாவது மூங்கிலில் ஏற்றினார்கள். பொனிமான் அப்போது வறுத்த வாழைப்பழம் ஒன்றை வாயில் வைத்திருந்தார்.

'க்லாவ்.' கொஞ்சம் இடைவெளி. 'கெ-கெ. கூங்.'

பொனிமானால் மெல்ல முடியவில்லை. எழுந்து போய் மூங்கிலடியில் நின்று, வலது காதை மேலே திருப்பினார். மறுபடியும் அதே தடுக்கல், அதே இறக்கம். ஒரு கணம் சந்தோஷம்தான் வந்தது, பொய் சொல்லக் கூடாது. அதற்குப் பிறகுதான் அந்த இரண்டு கூழ்முட்டை ஞாபகத்துக்கு வந்தது.

ஹர்சோனோ வேறு கூண்டுகளைப் பார்க்கப் போயிருந்தார். பொனிமான் காப்பி அடுப்போரம் நின்ற வர்தோயோவிடம் வந்தார்.

"அது யாரோடது?"

"சம்பந்தியோடது, காங்."

"நான் கூண்டைக் கேக்கல. குரலைக் கேக்கறேன்."

வர்தோயோ அடுப்பைப் பார்த்தார். "உங்ககிட்ட சொன்னேனே."

"எப்போ?"

"பாயில. கூழ்முட்டை பாடும்னு. நீங்களும் பாடட்டும்னுட்டீங்க. புரிஞ்சுக்கிட்டு, பெரிய மனசா விட்டுக்கொடுத்துட்டீங்கன்னு..."

"வர்தோ. நான் விளையாடினேன்."

வர்தோயோ அவசர அவசரமாகச் சொல்ல ஆரம்பித்தார். "ஒண்ணுதான் பொரிஞ்சுது, காங். அந்த வாரம்தான் ராத்ரியைப் பொண்ணு பாக்க வந்தாங்க. பாக் ஹர்சோனோ குஞ்சுகிட்டயே நின்னுட்டார், யாரோடதுன்னு கேட்டார். பழக்கதோஷத்துல 'உங்களோடதுதான் பாக்'னு சொல்லிட்டேன். சும்மா மரியாதைக்கு. அவர் நெஞ்சுல கைய வெச்சு நன்றின்னுட்டார். அப்புறம் எப்படித் திருப்பிக் கேக்கறது."

"எங்கிட்ட வந்திருக்கலாமே."

"வந்து கேட்டா கொடுத்துடுவீங்க. தெரியும். அதான் கேக்க முகமில்ல."

"ஆமா, கொடுத்திருப்பேன்" என்றார் பொனிமான். "ராத்ரிக்குக் கொடுக்காம யாருக்குக் கொடுப்பேன். அதைக்கூட என்னைக் கொடுக்க விடலியே நீ. மொதல்ல நிஜம் மாதிரி ஒரு பொய் சொன்ன. அப்புறம் பொய் மாதிரி நிஜத்தைச் சொன்ன. ரெண்டுக்கும் என் ஒத்தைக் காதுதான் கெடைச்சுதா?"

கித்தோவும் ருபினாவும் பக்கத்தில்தான் இருந்தார்கள். பொனிமான் அவர்கள் பக்கம் திரும்பினார். கித்தோ செருப்பைத் தேடுகிறவர்போலக் குனிந்தார்.

"குஞ்சை அப்பவே வர்தோ வீட்டுல பாத்தோம்" என்றார் ருபினா மெதுவாக. "உங்களுக்கும் தெரியும், பாயில அதை அவ்வளவு அழகா முடிச்சு வெச்சீங்கன்னு நெனச்சோம். வீட்டுக்குப் போயி உங்களைப் பத்திப் பெருமையாப் பேசிக்கிட்டோம்."

அதுதான் பொனிமானை அடித்துப்போட்டது. ஊரில் யாரும் எதையும் நேராகச் சொல்வதில்லை, சுற்றி வளைத்துச் சொன்னதைச் சுற்றி வளைத்துப் புரிந்துகொள்வதுதான் மரியாதை. அவரும் அப்படி வளர்ந்தவர்தான். ஆனால் பாயில் மட்டும் சொன்னதற்கு அர்த்தம் கிடையாது என்று நம்பி, வாரம் முழுக்க உள்ளர்த்தம் தேடுகிற காதை அங்கேதான் கழற்றி வைத்திருந்தார். மற்ற மூன்று பேருக்கும் பாயும் ஊரும் ஒன்றாக இருந்திருக்கிறது.

ஹர்சோனோவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மனுஷர் இப்போதே கூண்டை இறக்கிக் கையில் கொடுத்துவிடுவார். அத்தோடு வர்தோயோவுக்கு மூஞ்சி இருக்காது, ராத்ரி அந்த வீட்டில் தலை நிமிர முடியாது. சின்ன வயதில் ராத்ரி பள்ளிக்கூடம் போகிற வழியில் இவர் கடையில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு, 'நன்றி பாக்தே' என்று பெரியப்பா முறை சொல்லிவிட்டுப் போவாள். மேலே க்ளெபோனின் பிள்ளை மறுபடியும் தடுக்கியது. பொனிமானுக்கு அதை அப்படியே சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஓடிவிட வேண்டும்போல இருந்தது.

ஹர்சோனோ வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்து, பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "இங்க ஏதோ கிறுக்கு ஆட்டம் ஆடுவீங்களாமே. மருமக சொல்லுவா. எனக்கும் சொல்லிக்குடுங்க."

முதல் கட்டை எப்போதும் பொனிமானுடையது. அவர் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார், வர்தோயோ வழக்கம்போல வலது பக்கம்.

"ரொம்ப சுலபம், பாக்" என்றார் பொனிமான். "இங்க யாரும் நிஜம் பேச மாட்டாங்க. என்ன சொன்னாலும் ஒத்துக்கணும். சிரிச்சவர் காப்பி போடணும்."

கட்டைகளைக் கிளறி ரப்பர் துண்டை எடுத்துப் பாயின் நடுவில் வைத்தார். முகம் கல்லாக இருந்தது.

"விதி. ஒம்பதாவது மூங்கில்ல பாடுற பறவை என்னோடது. என்கிட்ட கேக்காம எடுத்துட்டாங்க."

ஹர்சோனோ ஒரு நொடி விழித்தார். பிறகு வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தார். "தோத்துட்டேன், மொதல் கையிலேயே தோத்துட்டேன். எத்தனை காப்பி?" என்று கேட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து அடுப்புப் பக்கம் போனார்.

மற்ற மூன்று பேரும் ரப்பர் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வர்தோயோவின் கையில் ஒரு கட்டை இருந்தது. அவரால் அதை வைக்க முடியவில்லை.

"நானும் சொல்லிட்டேன், வர்தோ" என்றார் பொனிமான்.

"காங்..." என்று வர்தோயோ வழக்கம்போல அந்த நல்ல காதுப் பக்கம் குனிந்தார். பொனிமான் எழுந்து பாயைச் சுற்றி வந்து, வர்தோயோவின் மறுபக்கம் போய் உட்கார்ந்தார். கேட்காத இடது காது இப்போது வர்தோயோவின் பக்கம் இருந்தது. வர்தோயோ என்னவோ நிறையச் சொன்னார். பொனிமான் வலது காதை ஒன்பதாவது மூங்கில் பக்கம் வைத்துக்கொண்டு காப்பிக்குக் காத்திருந்தார்.