பௌசியா கட்டிய பல்லுறுப்பி

வெள்ளிக்கிழமை நடுப்பகல், காரைதீவு வீட்டுக் கொடியில் சேலை காயப்போட்டுக்கொண்டிருந்தபோது பௌசியாவின் தம்பி அழைத்தார். "ராத்தா மௌத்தாகிட்டா. அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்." ஈரச் சேலை காற்றில் ஊதி அடங்கியது. "ஓம்" என்றேன்.

பல்கலைக்கழகத்தில் அவரோடு படிப்பித்தவர்களும் அவரிடம் படித்தவர்களும் அவரைக் கண்டிப்பானவராகவே அறிவீர்கள். பக்கத்து மேசையில் இருந்த எனக்கு அவர் கதைக்கும்போதே கனவுக்குள் போய்விடுகிறவர். கணிதத்தில் லீ கூட்டம் எனப்படும் அமைப்பு ஒன்று தன் அட்சரகணிதத்தின் உறுப்புகளை ஓயாமல் உருமாற்றும். எப்படி உருமாற்றினாலும் பெறுமானம் மாறாத பல்லுறுப்பியைக் கண்டடைவதே எங்கள் இருவரின் ஆய்வு. எல்லாத் திசையிலும் வகையிட்டுப் பூச்சியம் வந்தால்தான் அது மாறாதது. "தேடினாக் கிடைக்காது மாலா, கட்டத்தான் வேணும்" என்பார். நான்காம் படியில் ஒன்றைக் கட்டினோம். ஆய்விதழும் ஏற்றுக்கொண்டது.

அச்சாகுமுன் சுனாமியாய்க் கடல் வந்தது. கல்முனைக்குடியில் அவருடைய வீடும் போயிற்று, உம்மாவும் போனார். அகதிகள் தங்கிய பாடசாலையில் அவரைக் கண்டேன். கடல் ஒன்றும் அறியாததுபோல் மினுங்கியது.

"நம்மட பல்லுறுப்பி பிழை" என்றார். "உம்மாட ஞாபகத்தத் தாங்க ஏலாம மனசுக்குள்ள அத வகையிட்டுப் பாத்தேன். ஒரு திசையில பூச்சியம் வரல்ல."

"இப்ப ஏன் பௌசியா? ஆரும் கேக்க மாட்டாங்க."

"கேக்க மாட்டாங்கதான். ஆனா அது மாறுதே."

கட்டுரையை மீளப்பெற்றோம். அதை நம்பியிருந்த அவருடைய பதவி உயர்வும் போயிற்று.

யுத்தம் முடிந்த நாளில் வீதியில் வெடி கொளுத்தினார்கள். அவர் தன் புதுவீட்டு யன்னலைச் சாத்தினார். "இனிப் பொழுதுபட்டாலும் பயமில்லாமப் போகலாம்தானே, இரிங்க" என்றார் என்னிடம். அதன்பின் பின்னேரங்களில் அங்கேயே இருந்து, பிழைத்த பல்லுறுப்பியை மீண்டும் கணித்தோம்.

ஒருநாள் சாய்மனைக் கதிரையில் கண்ணயர்ந்தவர், திரைச்சீலை முகத்தில் பட விழித்து, "நாலாம் படியிலயே ரெண்டு உறுப்பு குறையிது. சேருங்க" என்றார். தூக்கத்தில் கண்டாரோ என்னவோ! அவற்றைச் சேர்த்து, ஒவ்வொரு திசையிலும் வகையிட்டேன். கடைசித் திசை வந்ததும் அவர் தாளைப் பார்க்காமல் வெளியே பார்த்தார்.

"பூச்சியம்" என்றேன்.

அவர் தாளை வாங்கிக் கடைசி வரியை விரலால் தொட்டார். பிறகு, கடல் வந்த நாளுக்குப்பின் முதன்முறையாக, உம்மாவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு கேட்கும்வரை கதைத்தார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, சோதிக்காத விடைகளுக்கெல்லாம் அவர் சொன்ன ஒரு வாக்கியம்: "சரி எண்டு ஆசை சொல்லுது, கணக்கு இன்னும் சொல்லல்ல." எதையாவது முடித்துவிட்டதாக நினைத்துக் கையெழுத்திடப் போகையில் அது கேட்கிறது. பேனையை மூடிவிட்டு, முதல் வரிக்குத் திரும்புகிறேன்.